சர்க்கஸ் போன வகுப்பு

எங்கள் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு சாமி இருந்தார். சிவகாசி அச்சகங்களில் காலண்டர் ஓட்டும்போது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை வருகிற முதல் தாள்கள் வீண்தான். முருகனின் சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்து இரண்டு வாய் தெரியும். மஞ்சள் இன்னும் ஏறாத லட்சுமி நீலத் தாமரையில் நீலமாகவே நிற்பார். எடைக்குப் போட வேண்டிய அந்தத் தாள்களில் ஒரு கட்டை, தெரிந்த அச்சக மேஸ்திரி ஒருவர் எங்கள் பள்ளிக்குச் சும்மா கொடுத்தார். அச்சடித்த பக்கம் வழவழ. பின்பக்கம் சொரசொரப்பான வெள்ளை. மெழுகுக் கலர் நன்றாகப் பிடிக்கும். சாமி படத்தைக் காலில் மிதிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகள் அதைத் தரையில் போடாமல் மடியில் வைத்தே வரைந்தார்கள். அதனால் அந்தப் புத்தகத்தில் நேர்கோடு என்பதே கிடையாது.

1997-ம் வருஷம். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் நடந்த சிறப்புப் பள்ளி ஒன்றில் நான் டீச்சர். 1988-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோதே சிவகாசி வட்டாரம் அதில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ‘ஆபீஸ்’ போய்வந்தவர்கள். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். விடிவதற்கு முன்னால் வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். பிள்ளைகள் தூக்கத்திலேயே ஏறுவார்கள். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. கூலி எண்ணிக்கைக் கணக்கு. அதனால் ‘அ’ எழுதத் தெரியாத பிள்ளைக்குக்கூட ஒரு குரோஸ் என்றால் 144 என்பது தெரியும். 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருக்கும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், மாநிலங்கள் ஆறு மாதத்தில் கணக்கெடுக்க வேண்டும் என்றது. அடுத்த சில மாதங்களில் எங்கள் வகுப்பில் பாய் பற்றவில்லை. மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் மத்தியானச் சோறும் உண்டு. ஆபீஸ் கூலியோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை என்று தாய்மார்கள் என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரிதான்.

பள்ளியில் படம் போட்ட புத்தகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தது. அதில் அட்டை போன ருஷ்யப் புத்தகம் ஒன்றும் உண்டு. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, புத்தகக் கண்காட்சிகளில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைத்த வகை. அதில் ஒரு பக்கத்தில் கரடி சைக்கிள் ஓட்டும். நான் சிறுமியாக இருந்தபோது அந்த மாதிரிக் கரடிகளைப் பார்த்து மயங்கிப்போயிருக்கிறேன். என் வகுப்பு மயங்கவில்லை. “கரடி எங்க போகுது டீச்சர்?” என்று கேட்டார்கள். சர்க்கஸில் அது எங்கும் போகாது, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் என்றேன். “போற எடம் இல்லாம எதுக்கு ஓட்டுது?”

இந்தக் கேள்வி வகுப்பில் கிடந்துகொண்டே இருந்தபோதுதான் விருதுநகரில் சர்க்கஸ் வந்து இறங்கியது. ராத்திரி வானத்தில் சர்க்கஸ் விளக்கு சுழன்று சுழன்று வருவது எங்கள் ஊரிலிருந்தே தெரியும். கரிசல் காட்டில் மறைக்க மலை கிடையாது, மரமும் குறைவு. வானம் முழுக்க நமக்குத்தான். பகலில் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ‘தினசரி மூன்று காட்சிகள்’ என்று கத்திப் போனார்கள். பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு மணிக் காட்சியில் பாதிக் கட்டணம். பணம் எப்படிச் சேர்ந்தது என்பது பெரிய கதை, சுவையில்லாத கதையும்கூட. வண்டி கிடைத்த கதையை மட்டும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்ற ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வேனை, டீசல் மட்டும் நாங்கள் போட்டுக்கொள்வதென்று, ஓட்டுநர் பேசி வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வேன் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. காலை பதினொரு மணி, உச்சி வெயில், சர்க்கஸுக்குப் போகிற சந்தோஷம் எல்லாம் இருந்தும் தூங்கினார்கள். அந்த சீட்டில் உட்கார்ந்தால் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இதுக இப்படித்தான் டீச்சர், ஆபீஸ் வாசல்ல நிப்பாட்டுனா தானா முழிச்சிரும்” என்றார். மைதானத்தில் வண்டி நின்றதும் அப்படியே முழித்தார்கள்.

நாங்கள் ரொம்ப சீக்கிரம் போய்விட்டோம். டிக்கெட் கவுண்டர் திறக்கவில்லை. கூடாரத்தைச் சுற்றி நடக்கவிட்டேன். வேறு என்ன செய்வது? பிறகு யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் சர்க்கஸ் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். இரும்பு முளைகள் வரிசையாக அடித்திருந்தன. நாலைந்து ஆட்கள் ஒரு முளையைச் சுற்றி நின்று, ஒருவர் சம்மட்டி தூக்கும்போது இன்னொருவர் சம்மட்டி இறங்குகிற மாதிரி, தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். முளை நேராக இறங்கவில்லை, கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. ஏன் சாய்த்து அடிக்கிறார்கள் என்று ஒரு நெட்டைப் பெண் கேட்டாள். சம்மட்டிக்காரர் தமிழ் தெரியாதவர். கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினார். நேராக அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும், சாய்த்து அடித்தால் இழுக்க இழுக்க மண்ணைக் கவ்வும். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவள் விளக்கித்தான் புரிந்தது. பின்னால் பெரிய அண்டாவில் சோறு வெந்தது. கொடியில் ஜிகினா வைத்த பாவாடைகள் காய்ந்தன. பக்கத்திலேயே பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி ஒன்றுகூட இல்லையே என்று ஒருத்தி பார்த்து வைத்தாள். அதை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை, வரையும்போது சொன்னாள்.

காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்தியாவில் சர்க்கஸ் பார்த்த எல்லோரும் பார்த்ததுதான். யானை சிவலிங்கத்துக்குத் தண்ணீர் ஊற்றியது, பிறகு கிரிக்கெட் ஆடியது. நீர்யானை வாயைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனது. கூண்டுக்குள் சிங்கம் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து கொட்டாவி விட்டது. கேலரியின் ஓரத்தில் இருந்த எங்கள் பையன் ஒருவனுக்கு நடுக்கம்பம் மறைத்ததில் வால் மட்டும் தெரிந்தது. இரும்பு உருண்டைக்குள் மோட்டார் சைக்கிள். இரண்டு குள்ள ஜோக்கர்கள் ஒருவரையொருவர் அட்டையால் அறைந்துகொண்டார்கள். அறை விழும்போது எங்கள் வரிசையில் யாருமே சிரிக்காததைப் பார்த்து நான் கொஞ்சம் கலங்கினேன். ஆனால் பார் விளையாட்டில் ஜோக்கர் வேண்டுமென்றே தவறி வலையில் விழுந்து கால்சட்டை கழன்றபோது மூச்சு முட்டச் சிரித்தார்கள்.

பார் விளையாட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் வந்தாள். பத்து வயதோ பதினொன்றோ. வெள்ளியாய் மின்னுகிற உடுப்பு, உதட்டில் சிவப்பு. ஒரு பெரிய பந்தின்மேல் ஏறி நின்று, காலால் அதை உருட்டிக்கொண்டே சாய்பலகையில் மேலே போய் மறுபக்கம் இறங்கினாள். கையில் வளையங்கள். நாலு பக்கமும் திரும்பி ஒரே மாதிரி சிரித்துக் கும்பிட்டாள். கைதட்டல் அடங்குவதற்குள் என் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. “அந்தப் பிள்ளைக்கு என்ன கூலி டீச்சர்?” நான் தெரியாது என்றேன். இன்னொருத்தி முன்னால் குனிந்து, “மாசச் சம்பளமா, இல்ல ஒரு தரம் ஏறி எறங்குனா இவ்வளவுன்னு குடுப்பாகளா?” என்று கேட்டாள். “அட்வான்ஸ் வாங்கியிருப்பாக” என்றான் வால் மட்டும் பார்த்த பையன், எல்லாம் தெரிந்தவன் குரலில். அவன் வீட்டிலும் ஆபீஸில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அதைக் கழித்த பிறகுதான் அவன் பள்ளிக்கே வந்தான்.

காட்சி முடிந்து வெளியே வரும்போது மேனேஜர் மாதிரி இருந்த ஒருவரிடம் நான் கேட்டேன். கேட்காவிட்டால் பிள்ளைகள் விட மாட்டார்கள். மலையாளம் கலந்த தமிழ். சொந்த ஊர் தலச்சேரிப் பக்கம். அதில் ஆச்சரியம் இல்லை, இந்திய சர்க்கஸுக்குத் தாய்வீடே தலச்சேரிதான். மராட்டியரான விஷ்ணுபந்த் சத்ரே 1880-ல் தொடங்கிய சர்க்கஸ் அங்கே வந்தபோது, களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அவரைச் சந்தித்தார். 1901-ல் அங்கே சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்துதான் பார் ஆடுகிறவர்களும் சர்க்கஸ் முதலாளிகளும் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய சங்கரனும் அவரிடம் படித்தவர்தான். இதையெல்லாம் அந்த மனிதர் பெருமையோடுதான் சொன்னார், பெருமைப்படவும் நியாயம் இருந்தது. ஆனால் என் பிள்ளைகள் கேட்டது வேறு. “அந்தப் பிள்ள எத்தனையாவது படிக்குது?” அவர் சிரித்து, இங்கேயே டியூஷன் உண்டு என்றார். “எத்தனையாவது?” என்று ஒரு பையன் மறுபடி கேட்டான். அவருக்கு அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது.

அந்தப் பெண்ணோடு பேச முடியவில்லை. முகம் நேபாளத்து முகம். அந்தக் காலத்தில் நேபாள மலைக்கிராமங்களிலிருந்து தரகர்கள் வழியாக நிறையப் பிள்ளைகள் இந்திய சர்க்கஸ்களுக்கு வந்து சேர்ந்தார்கள், பத்து வருஷ ஒப்பந்தம் என்று பெற்றோரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு. இது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைகளுக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

புத்தகம் போடலாம் என்று சொன்னது நான். என் மனதில் இருந்தது சிங்கம், யானை, ஜோக்கர், கடைசியில் ‘மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்’. ஆளுக்கு ஒரு பக்கம் என்று முடிவானது. யாரும் யாருடையதையும் பார்க்காமல் வரைந்து கொண்டுவந்தபோது, முளை மட்டும் நாலு பக்கத்தில் இருந்தது. அண்டா இரண்டு. வலை கட்டுகிற ஆட்கள் ஒரு முழுப்பக்கம், கயிறு கயிறாக. சிங்கம் ஒன்றே ஒன்று, அதுவும் வால் மட்டும். நடுக்கம்பத்தை அவன் அழுத்தி அழுத்தி நீலம் அடித்ததில் தாள் கிழிந்து பின்பக்கத்துப் பிள்ளையார் தெரிந்தார். முழுச் சிங்கம் வரையேன் என்றேன். “நான் பாக்கல டீச்சர்” என்றான். இதற்கு மேல் ஒரு ஓவிய ஆசிரியர் என்ன சொல்லித் தர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ருஷ்யாவில் 1925-ல் வந்த ஒரு சர்க்கஸ் புத்தகம் ரொம்பப் பேர்போனது. மர்ஷாக் பாட்டு எழுத, லெபெதேவ் படம் போட்டது. சித்திரப் புத்தக வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை. அதன் பக்கங்களைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். சுவரொட்டி மாதிரி வெள்ளை வெளியில் தட்டையான நிறங்களில் வித்தைக்காரர்கள் மட்டும். தரை இல்லை, கூட்டம் இல்லை, கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்ற கவலை இல்லை. அழகுதான், மறுக்கவில்லை. எங்கள் புத்தகத்தில் அதற்கு நேர்மாறாக எல்லாம் எதிலாவது கட்டப்பட்டிருந்தது. கயிறு முளையில், முளை மண்ணில், வலை கம்பத்தில், யானைக் கால் சங்கிலியில். எங்கே கட்டியிருக்கிறது என்பது தெரியாமல் என் பிள்ளைகள் எதையும் வரையவில்லை.

எழுத்தை அவர்களே எழுதினார்கள். எழுத வராதவர்கள் சொல்ல, வந்தவர்கள் எழுதினார்கள். வலைப் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பார்ல ஆடுற அக்கா விழுந்தா வலை இருக்கு. வலை கட்டுற அண்ணன் விழுந்தா வலை இல்லை.’ அண்டாப் பக்கத்தில் ‘சோறு எல்லாருக்கும் ஒரே சோறுதான்’ என்று மட்டும். பந்துப் பெண்ணின் பக்கத்தை யார் வரைவது என்று சண்டை வந்தது. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து வரைந்தார்கள். ஒருத்தி பந்து, ஒருத்தி உடம்பு, ஒருத்தி முகம். முகம் வரைந்தவள் வாயைச் சிரிப்பில்லாமல் ஒரே கோடாக இழுத்துவிட்டாள். அவள் சிரித்தாளே என்றேன். “அது ஆட்டத்துல டீச்சர்.” அட்டைக்குச் சிங்கம் வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிப் பார்த்தேன். வகுப்பு ஓட்டுப் போட்டு வேனைத் தேர்ந்தெடுத்தது. வேனுக்குள் எல்லாத் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்; ஓட்டுநர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தைத்துக் கொடுத்தது அதே அச்சகத்து பைண்டிங் ஆள், காலண்டர் தகரம் அடிக்கிற மெஷினில் மேலே ஒரு தகரமும் அடித்துக் கொடுத்துவிட்டார். அதனால் அதை ஆணியில் மாட்டலாம். அப்படியே வகுப்பில் மாட்டியும் வைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். விக்தர் திராகூன்ஸ்கி எழுதியது. அவர் 1913-ல் நியூயார்க்கில் பிறந்து ருஷ்யாவில் வளர்ந்தவர், நடிகர், கொஞ்ச காலம் சர்க்கஸில் கோமாளியாகவே வேலை பார்த்தவர். தன் மகன் தெனீஸின் பெயரையே வைத்து ஒரு சிறுவனைப் படைத்து, அவன் வாயால் சொல்வதாக நிறையக் கதைகள் எழுதினார். ‘பந்தின் மேல் சிறுமி’ என்ற கதையில் தெனீஸின் வகுப்பு மாஸ்கோவில் சர்க்கஸ் பார்க்கப் போகிறது. அங்கே ஒரு சிறுமி நீல உருண்டையின்மேல் நின்று வருகிறாள். தெனீஸுக்கு அவள்மேல் கண். மறுபடி பார்க்க வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போகிறான். அவள் இல்லை. ஊர் விட்டுப் போய்விட்டாள், விளாதிவஸ்தோக்குக்கு. மாஸ்கோவிலிருந்து ரயில் பாதையில் 9,288 கிலோமீட்டர். எனக்கு இந்தக் கதையின் துக்கம் ரொம்பப் பிடிக்கும். சொல்லும்போது குரலைக்கூடக் கொஞ்சம் இறக்கினேன்.

வகுப்பில் யாரும் வருத்தப்படவில்லை. “யார் கூடப் போனா?” என்று கேட்டார்கள். அப்பா அம்மாவோடு, அவர்களும் சர்க்கஸ்காரர்கள் என்றேன். “அப்ப சரி” என்று ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். கதை அத்தோடு முடிந்தது. பையன்களில் ஒருவனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. தெனீஸுக்கு இரண்டாம் தடவை டிக்கெட் எடுத்தது அப்பாதானே, அந்த அப்பாவுக்கு என்ன வேலை?

அப்புறம் சட்டம் ஒவ்வொன்றாக வந்து எங்கள் புத்தகத்தின் பக்கங்களைப் பழங்கதையாக்கியது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 1998 அறிவிக்கையை 2001 மே 1-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸ் சிங்கங்களில் ஒரு கூட்டம் வண்டலூர் மீட்பு மையத்துக்கு வந்து சேர்ந்தது. 2011 ஏப்ரல் 18-ல், பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், சர்க்கஸில் குழந்தைகளையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. செய்தியைப் படித்த அன்று எனக்கு ‘எத்தனையாவது?’ என்ற அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. பதினான்கு வருஷம் கழித்து நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டிருந்தது. சர்க்கஸ்காரர்கள் தொழில் படுத்துவிட்டது என்று அழுதார்கள். அது பொய்யும் இல்லை. அண்டாச் சோறு தின்ற எல்லோருக்கும் அதுதான் சோறு. ஆனால் சிங்கத்தையும் சிறுமியையும் எடுத்துவிட்டால் நிற்காத ஒரு கூடாரத்துக்காக என்னால் ரொம்ப நேரம் வருத்தப்பட முடியவில்லை.

பள்ளி மூடியபோது புத்தகம் என்னோடு வந்துவிட்டது. போன கோடையில், சாய்ந்த முளையைப் பற்றிக் கேட்ட அந்த நெட்டைப் பெண் தன் மகளோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது ஒரு அச்சகத்தில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். மகள் நாலாம் வகுப்பு. சர்க்கஸ் பார்த்ததில்லை, செல்போனில் மட்டும் பார்த்திருக்கிறாள். பக்கங்களைப் புரட்டியவள் வால் பக்கத்தில் நின்று, “இதுக்கு மீதி எங்க?” என்றாள். அவள் அம்மா அதைத் தள்ளிவிட்டு நேராகத் தன் பக்கத்துக்குப் போனாள். “இது நான் போட்டது.” பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, தரையிலிருந்து சாய்ந்து. மகளுக்கு அது பிடிக்கவில்லை. வெறும் கம்பிதானே என்றாள். “வெறும் கம்பியா? எந்திரி” என்று அவள் எழுந்து, என் வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்து ஒரு முனையை மகள் கையில் கொடுத்து, மறுமுனையைக் கொல்லைப்புறத்து மண்ணில் ஒரு குச்சியில் கட்டி, முதலில் நேராகக் குத்தி இழுக்கச் சொன்னாள், அப்புறம் சாய்த்துக் குத்தி இழுக்கச் சொன்னாள். என் சேலைகள் எல்லாம் திண்ணையில் கிடந்தன. மகள் இரண்டு தடவையும் பிடுங்கிவிட்டாள். “இன்னும் ஆழமா அடிக்கணும்” என்று அம்மா சுத்தியல் கேட்டாள். வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவி இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன்.